வயிற்று ஆபரேஷன் என்று ஒன்று கிடையாது

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் பி.காம். படிப்பவன், டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கவோ வேண்டாம்.

2024 ஏப்ரலில் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்துபோனது நினைவிருக்கும். ஆபரேஷன் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நிலைமை மோசமாகி, வேறு மருத்துவமனைக்கு மாற்றியும் காப்பாற்ற முடியவில்லை. சுகாதாரத் துறை விசாரணை நடத்தி மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதற்குப் பிறகு எங்கள் காட்டாங்குளத்தூர் பக்கம் டீக்கடையில் ஆரம்பித்து ஹாஸ்டல் மெஸ் வரை ஒரே பேச்சுதான். "வயித்துல ஆபரேஷனா? வேண்டவே வேண்டாம்ப்பா." அவசர சிகிச்சை வசதி இல்லாத இடத்தில் போய்ப் படுக்காதே என்றால் அது சரியான பயம். ஆனால் எந்த ஆபரேஷன், எதற்காக என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாமே "வயிற்று ஆபரேஷன்"!

நெஞ்செரிச்சலுக்குச் செய்வது ஒன்று, எடை குறையச் செய்வது வேறொன்று. அதைவிட முக்கியம், எடைக்காகச் செய்யும் ஒரு ஆபரேஷன் நெஞ்செரிச்சலை அதிகமாக்கிவிடலாம்.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வால்வு மாதிரி ஒரு தசை இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே எதுக்களிக்கும். மாத்திரை அமிலத்தைக் குறைக்குமே தவிர வால்வைச் சரி செய்யாது. வால்வுக்கான ஆபரேஷன் ஃபண்டோப்ளிகேஷன். இரைப்பையின் மேல்பகுதியை எடுத்து உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றி மஃப்ளர் மாதிரி சுற்றித் தைத்துவிடுவார்கள். 1955-ல் இதை முதலில் செய்தவர் ருடால்ஃப் நிஸ்ஸன். (ஐன்ஸ்டைனின் வயிற்றில் வீங்கியிருந்த ரத்தக்குழாயை 1948-ல் செலோஃபேன் தாளால் சுற்றியவரும் இவரேதான். மனிதருக்கு எதையாவது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் போல :-) ) இதில் எரிச்சல் போகும். சிலருக்கு ஏப்பம் விட முடியாது, வயிறு உப்பும், முழுங்கக் கஷ்டமாக இருக்கும். எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எடைக்கான ஆபரேஷன்களில் நம்மூரில் அதிகம் காதில் விழுவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி நீளமான குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோனும் குறைகிறது. கேட்க எளிமையாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு பிரபலம். ஆனால் அந்தக் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடும்போது அது எங்கே போகும்? மேலேதான். பின்லாந்தில் 240 பேரை வைத்து ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஆய்வின் பத்து வருட முடிவு 2022-ல் வந்தது. உணவுக்குழாயில் புண் இருந்தது ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். கணக்குப் படிக்கிறவனுக்கு இந்த இரண்டு எண் போதும்.

பைபாஸில் இரைப்பையின் மேலே முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். அமிலம் சுரக்கும் பெரிய பகுதி உணவுப் பாதையிலிருந்து விலகிவிடுவதால் எடையும் குறையும், எரிச்சலும் குறையும். சும்மா கிடைக்காது. இரும்புச்சத்து, பி12 எல்லாம் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும், வருடாவருடம் ரத்தப் பரிசோதனையும் உண்டு. மினி பைபாஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. அதில் அமிலத்துக்குப் பதில் பித்தம் மேலே வரும் வாய்ப்பு உண்டு என்பதால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் நான் படிக்கக் காரணம் என் அத்தை. 95 கிலோ, 160 செ.மீ., பி.எம்.ஐ. 37. பத்து வருடமாகத் தலையணை மூன்று வைத்துத்தான் தூங்குகிறார். அவருக்கு ஒரு மருத்துவமனையில் கொடுத்த எஸ்டிமேட்டில் ரூம் வாடகை, மயக்க மருந்து, ஸ்டேப்ளர் எல்லாம் வரிவரியாக இருந்தது. ஆபரேஷனின் பெயர் "ஸ்லீவ்". எண்டோஸ்கோபி எடுத்தார்களா என்றேன். இல்லையாம். நெஞ்செரிச்சல் பற்றிக் கேட்டார்களா? "எடை குறைஞ்சா அதுவும் போயிடும்னாங்க" என்றார்.

போகலாம், சிலருக்குப் போகிறது. போகவில்லை என்றால்? ஃபண்டோப்ளிகேஷனுக்குச் சுற்ற வேண்டிய மேல்பகுதியைத்தான் ஸ்லீவில் வெட்டி எறிந்துவிட்டார்களே. துணியை வெட்டித் தூக்கிப் போட்டபின் டெய்லரிடம் காலர் வை என்று கேட்கிற கதை. அப்புறம் வழக்கமாக இருக்கும் வழி, ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது. ஒரு உடம்புக்கு இரண்டு ஆபரேஷன், இரண்டு பில். எஸ்டிமேட்டில் இந்த வரி வராது.

இன்ஷூரன்ஸ் கதை தனி. அத்தையின் பாலிசியில் இருப்பது, 2019-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா கம்பெனிக்கும் பொதுவாக வகுத்த வாசகம். பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் நெஞ்செரிச்சல் இல்லை. 40, 35 என்பது 1991-ல் அமெரிக்காவில் போட்ட கணக்கு. 2022-ல் உலக அளவிலான சர்ஜன் அமைப்புகளே அதை மாற்றி, 35 இருந்தால் வேறு நோய் இல்லாமலேயே செய்யலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டன. நம் பாலிசிப் பத்திரம் இன்னும் 1991-லேயே நிற்கிறது. பிரீமியம் மட்டும் ஒவ்வொரு வருடமும் புதுசு!

எடை, எரிச்சல் இரண்டும் இருக்கிறவரிடம் எண்டோஸ்கோபி எடுக்காமல் ஸ்லீவ் என்று எழுதித் தருவது தப்பு என்பதுதான் என் கருத்து. ஸ்லீவ் கெட்ட ஆபரேஷன் என்று சொல்லவில்லை, எரிச்சல் இல்லாதவர்களுக்கு அது பொருத்தமாகவே இருக்கலாம். ஆனால் "எனக்கு ஏன் பைபாஸ் வேண்டாம்?" என்று அத்தை கேட்டால் பதில் சொல்ல வேண்டியது டாக்டரின் பொறுப்பு. ஐ.சி.யூ. இருக்கிறதா, இரவில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா என்பதையும் அதே மூச்சில் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டர் என்றால் தாம்பரத்தில் வேறு டாக்டர் இல்லாமலா போய்விட்டார்கள்?

தேதியைத் தள்ளிப்போடச் சொல்லியாயிற்று. வரும் செவ்வாய்க்கிழமை அத்தைக்கு வேறொரு இடத்தில் எண்டோஸ்கோபி. செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில் நான்தான் கூடப் போகிறேன்.