மாத்திரைக்கு முன் மாதிரி

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கூடவே குளிர்காய்ச்சல். மருத்துவர் ‘யூரின் கல்ச்சர்’ எழுதித் தருகிறார். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும் என்கிறார்கள். யார் காத்திருப்பது? தெருமுனை மருந்துக்கடையில் சொல்லி நான்கு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, எரிச்சல் அடங்காத பிறகுதான் மாதிரி கொடுக்கப் போகிறோம். ‘கிருமி வளரவில்லை’ என்று அறிக்கை வருகிறது. கிருமி போய்விட்டது என்று அதை நம்பிவிட முடியாது. அரைகுறை மருந்து சோதனையைக் கெடுத்திருக்கலாம்.

அந்த நாட்கள் வீணாவதில்லை. முதலில் கிருமியை வளர்த்து இனம் காண்கிறார்கள். பிறகு அதை உப்புநீரில் குறிப்பிட்ட அளவு கலங்கலாகக் கரைத்து, முல்லர்-ஹின்டன் அகர் தட்டில் பூசி, மருந்து தோய்ந்த காகித வில்லைகளை வைக்கிறார்கள். சுமார் 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம். மருந்துக்குக் கிருமி பணிந்தால் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழும். அதை மில்லிமீட்டரில் அளந்து, அந்தந்த மருந்துக்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டு ‘எஸ்’ (மருந்துக்குப் பணியும்), ‘ஐ’ (இடைநிலை), ‘ஆர்’ (பணியாது) என்று எழுதுகிறார்கள். (பெரிய வட்டம் போட்டதே சிறந்த மருந்து என்று நாமாக முடிவு கட்டக் கூடாது, மருந்துக்கு மருந்து எல்லை வேறு.) பவர், கிர்பி குழுவினர் 1966இல் வகுத்த முறை இது. இன்றும் செலவு குறைந்த வழி.

இந்த அறிக்கை நோயாளி ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. ஒரு கிருமிக்குக் குறைந்தது 30 நோயாளிகளின் முடிவுகளாவது சேர்ந்தால்தான், அவ்வட்டாரத்தில் எந்த மருந்து இன்னும் பலிக்கிறது என்ற ஆண்டுக் கணக்கை ஓரளவு நம்பலாம். உயிருக்குப் போராடும் நோயாளிக்கு முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. மாதிரியை எடுத்துக்கொண்டு உடனே மருந்தைத் தொடங்க வேண்டும். எந்த மருந்து என்பதற்கு அந்தக் கணக்குதான் வழிகாட்டி. நாம் கொடுக்காமல் விட்ட மாதிரி, முகம் தெரியாத அந்த நோயாளிக்கு இழப்பு.

சீட்டில்லாமல் மருந்து விற்பதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 2014 மார்ச் முதல் அமலில் உள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி, அதிலுள்ள மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். மருந்துக்குப் பணியாத கிருமிகளை எதிர்கொள்ள 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டதும் நம் ஊரில்தான். ஆனால் கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போகிறவர்கள் நாம்தானே?

அரசு, தாலுகா மருத்துவமனை வரை இந்தச் சோதனை எட்டும்படி செய்யட்டும். மருத்துவர்கள் அறிக்கை வந்ததும் தேவையானால் மருந்தை மாற்றட்டும். நீங்கள் மாத்திரைக்கு முன் மாதிரியைக் கொடுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டாலும் அறிக்கையை வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள்.