வயிற்றுவலியா? தலைமுடியையும் பாருங்கள்

‘அல்சர்’ என்று எழுதிய பழைய சீட்டுகளோடுதான் சில பெண் பிள்ளைகள் எங்கள் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்கிறார்கள். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, வாந்தி வருகிறது, எடை குறைகிறது, முகம் வெளுத்திருக்கிறது. பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்துப் பார்த்தாயிற்று. மேல்வயிற்றில் கை வைத்தால் கெட்டியான ஒரு கட்டி, தள்ளினால் நகர்கிறது. புற்றுநோயோ, வயிற்றுக் காசநோயோ என்று வீடே கலங்கிப்போகிறது. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பிள்ளையே பிய்த்து விழுங்கிய தலைமுடி.

முடி செரிக்காது. வழுக்கிக்கொண்டே இருப்பதால் இரைப்பையால் அதைக் குடலுக்குத் தள்ளவும் முடிவதில்லை. மடிப்புகளில் சிக்கி, சளியும் உணவும் சேர்ந்து திரண்டு, கடைசியில் இரைப்பையின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. சிக்கிய உணவு அழுகுவதால் வாய் நாறும். சிலருக்கு அது சிறுகுடல் வரை நீளும். குடல் அடைத்துக்கொள்ளலாம், ஓட்டையும் விழலாம். பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு வருவதுதான். ஆனால் 1779-இல் பதிவான முதல் நோயாளி 16 வயதுப் பையன்.

அல்ட்ராசவுண்டில் இது ஒரு வெள்ளை வளைவாகவும் அதன் பின்னே நிழலாகவும் மட்டுமே தெரியும். வாயு என்று கடந்துபோவது எளிது. சி.டி. ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் உறுதிசெய்துவிடும். ஆனால் அவற்றை எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கு முதலில் தோன்ற வேண்டுமே! அந்தச் சந்தேகம் தலையிலிருந்து தொடங்கலாம். சடை பின்னும் அம்மா சொட்டையைப் பார்த்திருப்பார். பூச்சிவெட்டு என்று சின்ன வெங்காயம் தேய்த்திருப்பார். பூச்சிவெட்டில் அந்த இடம் மழமழவென்றிருக்கும். பிய்த்த இடத்தில் முடி குட்டையும் நெட்டையுமாக ஒடிந்து நிற்கும். தலை நிறைய முடியோடு வருகிறவர்களும் உண்டு. அப்போது கேட்டுத்தான் அறிய முடியும்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “முடியைத் தின்னியா?” என்று அம்மா எதிரில் அதட்டினால் எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். தனியாக உட்காரவைத்து, “மனசு பதற்றமா இருந்தா சில பிள்ளைங்களுக்கு முடியைப் பிய்க்கத் தோணும், வாயில போட்டுக்கத் தோணும். உனக்கும் அப்படி இருக்காம்மா?” என்று நான் கேட்பேன். சிலர் பதில் சொல்லாமல் அழுவார்கள். நெரிசலான புறநோயாளிகள் பிரிவில் இதற்கு ஒரு திரைமறைவும் ஐந்து நிமிடமும் ஒதுக்கியே ஆக வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் நடப்பதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. எடுத்த உருண்டையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ‘சிறுமி வயிற்றில் கிலோ கணக்கில் முடி, டாக்டர்கள் அதிர்ச்சி’ என்று செய்தி வருகிறது. அவள் வகுப்புத் தோழிகள் அதைப் படிப்பார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. முடியைப் பிய்த்துத் தின்பது திமிரோ அழுக்குப் புத்தியோ அல்ல. சிகிச்சை உள்ள மனநலப் பிரச்சினை. கை தலைக்குப் போகும் நேரத்தைப் பிள்ளையே கவனித்து, அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்கக் கற்றுத்தரும் பயிற்சி இருக்கிறது. அதைச் செய்யாமல் வெறும் உருண்டையை மட்டும் எடுத்து அனுப்பினால், அது மறுபடியும் உருவாகலாம்.

ஆகவே தையல் பிரிக்க வரச் சொல்லும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே மனநல மருத்துவரைப் பார்க்கும் தேதியையும் எழுதுங்கள். முடி பிய்க்கும் பழக்கத்தை இப்போதே கவனித்துவிட்ட பெற்றோர் வயிற்றுவலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.