அழித்த பெயரை எங்கே கற்கும்?

மருத்துவ எழுத்தை ஊட்டிவிட்டால் போதும், மொழி மாதிரி எந்த மருத்துவ வேலையிலும் பொது மாதிரியை முந்திவிடும் என்று தம் கட்டுரையில் அடித்துச் சொல்கிறார் ஒரு கட்டுரையாளர். 2019-இல் வந்த கிளினிக்கல்பெர்ட் என்ற மருத்துவ மொழி மாதிரியைப் பார்த்தாரா? பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனைத் தீவிர சிகிச்சை நோயாளிகளின் குறிப்புகளில் பழகியது அது. சில சோதனைகளில் முந்தியது, மறுக்கவில்லை. ஆனால் குறிப்புகளில் நோயாளியின் பெயர், தேதி, முகவரியைக் கண்டுபிடித்து மறைக்கும் வேலையில் பின்தங்கியது. ஏன்? பயிற்சிக்குத் தந்த, மிமிக் எனப்படும் அந்தக் குறிப்புத் தொகுப்பில் அந்த விவரங்களை ஏற்கெனவே அழித்து, அந்த இடத்தில் அடைப்புக்குறியும் குறியீடும் போட்டிருந்தார்கள். (அந்தரங்கம் காக்க அழித்தது சரிதான், வேறு வழியில்லை.) அப்படிப்பட்ட குறிப்புகளில் பழகிய மாதிரியிடமே பெயர் மறைக்கும் வேலையை ஒப்படைக்கலாம் என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் பரிந்துரைக்கிறாரே, எந்தத் துணிச்சலில்?