பிளாக்கை இழுத்துப் போட்டா மாடல் ஆகிடுமா?

எங்க கன்ட்ரோல் லேப் மேனுவலில் ஒரு டிசி மோட்டார் இருக்கு. இனர்ஷியா 0.01, உராய்வு 0.1, மோட்டார் கான்ஸ்டன்ட் 0.01, மின்தடை 1 ஓம், இண்டக்டன்ஸ் 0.5 ஹென்றி. இந்த ஐந்து எண்களும் உங்களில் பலருக்கும் பழக்கமானவையாகத்தான் இருக்கும். மிச்சிகன், கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கும் மேட்லாப் பாடங்களில் வருகிற மோட்டார் அது. அருமையான பாடம், பிஐடி-ன்னா என்னன்னு எனக்குப் புரிய வெச்சதே அதுதான். கணக்கு சுலபமாக வரட்டும்னு அந்த எண்களை எடுத்திருக்காங்க, அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனா அந்த மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்தா என்ன வேகத்தில் ஓடும்னு நம்மில் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கோமா? விநாடிக்கு 1.2 ரேடியன். அதாவது நிமிஷத்துக்குப் பதினொன்றரைச் சுற்று. வீட்டு வெட் கிரைண்டர் இதைவிடப் பல மடங்கு வேகமாச் சுத்தும். அந்த வேகத்துக்கு அது இழுக்கிற கரன்ட் ஏறக்குறைய 12 ஆம்பியர். உள்ளே போற 144 வாட்டில் தண்டைச் சுத்தப் பயன்படுறது 0.15 வாட்டுக்கும் கீழே; மீதி எல்லாம் சூடு. மோட்டார்னு நினைச்சு நாம சிமுலேட் பண்ணிக்கிட்டு இருந்தது ஒரு வாட்டர் ஹீட்டரை!

இன்னொன்றும் இருக்கு. அந்த எண்களின்படி மின்சுற்றின் டைம் கான்ஸ்டன்ட் 0.5 விநாடி, சுழலும் பகுதியின் டைம் கான்ஸ்டன்ட் 0.1 விநாடி. நம்ம கையில் பிடிக்கிற சின்ன மோட்டார்களில் இது அப்படியே தலைகீழ். கரன்ட் சில மில்லிவிநாடியில் ஏறிடும், வேகம்தான் மெதுவாப் பிடிக்கும். இதையெல்லாம் யாரும் கேட்கிறதில்லை. வகுப்பில் 60 பேர், 60 ரெக்கார்டு, 60 ஒரே மாதிரி கிராஃப். ஓவர்ஷூட் 5 சதவீதத்துக்குக் கீழே வந்துட்டா கையெழுத்து விழுந்துடும். கன்ட்ரோலரின் கெயினை 100-ன்னு வெச்சா, செட் பாயின்ட் 1 ரேடியன்னு கொடுத்த அந்த முதல் கணத்திலேயே அது மோட்டாரிடம் 100 வோல்ட் கேட்கும். நம்ம லேப் பவர் சப்ளை 30 வோல்ட்டைத் தாண்டாது. நடுவில் ஒரு சேச்சுரேஷன் பிளாக் போடணும், போட்டா இன்டக்ரல் பகுதி ஏறிக்கிட்டே போய்த் தொல்லை கொடுக்கும், அதுக்கு ஆன்டி-வைண்டப் வேணும். நிஜ வேலை ஆரம்பிக்கிற இடமே அதுதான், நம்ம மேனுவலோ சரியா அதுக்கு முன்னாடி முடிஞ்சுடுது.

இதைத்தான் நாம "மாடல்-பேஸ்டு டிசைன்" என்று ரெஸ்யூமேயில் எழுதிக்கொள்கிறோம்.

உண்மையில் அது என்ன? ஒரு கார் பிரேக்கையோ பேட்டரியையோ கட்டுப்படுத்தும் மென்பொருளை நேராக 'சி'யில் எழுத உட்காராமல், முதலில் அந்தப் பொருளுக்கு ஒரு மாடல், கன்ட்ரோலருக்கு ஒரு மாடல் கட்டுகிறார்கள். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது முதல் படி. கன்ட்ரோலர் மாடலிலிருந்து தானாக கோடு எடுத்து அதை ஓட்டிப் பார்ப்பது அடுத்தது. பிறகு அந்த கோடை நிஜ சிப்பில் ஏற்றி ஓட்டுவார்கள். கடைசியில் நிஜமான ஈசியூ-வை மேசையில் வைத்து, காரை மட்டும் கம்ப்யூட்டர் நடிக்கும். ஹெச்ஐஎல் என்பது இதுதான். மழை ரோட்டில் 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சென்சார் அறுந்தால் என்ன ஆகும் என்று ஆளை உட்கார வைத்துச் சோதிக்க முடியாதே! இந்த வரிசையின் ஒவ்வொரு படியும், முதலில் கட்டிய பொருளின் மாடல் உண்மையோடு ஒத்துப்போகிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. நமக்குச் சொல்லித்தராமல் விடுவதும் அதே முதல் படியைத்தான்.

இது மார்க் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பி சுமார் 40 விநாடியில் சிதறியது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணித்த கதை நம்ம புரோகிராமிங் வகுப்பில் எல்லாரும் கேட்டதுதான். கேட்காத பகுதி வேறு. அந்த இனர்ஷியல் யூனிட்டின் மென்பொருள் ஏரியான் 4-லிருந்து வந்தது. ஏரியான் 5-இன் பாதையில் பக்கவாட்டு வேகம் அதைவிட ரொம்ப சீக்கிரம் ஏறும். அந்தப் புதுப் பாதையைக் கொடுத்து நிஜ யூனிட்டைத் தரையில் ஓட்டிப் பார்த்திருந்தால் கோளாறு தெரிந்திருக்கும். முழு ராக்கெட்டின் சிமுலேஷன் சோதனைகளில் நிஜ யூனிட் இருந்த இடத்தில் அதைப்போல நடிக்கும் ஒரு மென்பொருளை வைத்திருந்தார்கள். அந்த மாடல் ஒழுங்காகத்தான் ஓடியது. நிஜம்தான் ஓடவில்லை.

சரி, இருபது வயசுப் பசங்க நாம என்ன பண்ணலாம்? என்னோட யோசனை ரொம்பச் சின்னது. ஒரு செமஸ்டர், ஒரு டீமுக்கு ஒரு நிஜ மோட்டார். மேனுவலில் எண்களே இருக்கக் கூடாது. மின்தடையை மல்டிமீட்டரில் நாமளே அளக்கணும். தண்டை நாலு இடத்தில் திருப்பி வெச்சு அளந்தா நாலு மதிப்பு வரும், பிரஷ் தொடுகிற இடம் மாறுதே! டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சுத்தவிட்டு, திறந்த முனைகளில் வர்ற வோல்ட்டேஜை வேகத்தால் வகுத்தா மோட்டார் கான்ஸ்டன்ட் கிடைச்சிடும். லோடு இல்லாம ஓடும்போது இழுக்கிற கரன்ட்டில் உராய்வு தெரியும். ஓடுறப்போ சப்ளையைப் பிடுங்கிட்டு, எவ்வளவு நேரத்தில் நிக்குதுன்னு பார்த்தா இனர்ஷியா. ஒரு மத்தியானம் போதும்.

அப்புறம் அந்த எண்களை மாடலில் போட்டு ஓட்டினா, ஒத்துப்போகாது. நிச்சயமா ஒத்துப்போகாது! மாடலில் 0.1 வோல்ட்டுக்கே மோட்டார் சுத்தும். மேசையில் இருக்கிறது கொஞ்ச வோல்ட்டேஜ் ஏறுற வரைக்கும் அசையாம முறைச்சுக்கிட்டு நிக்கும். நிலை உராய்வை நாம மாடலில் சேர்க்கலையே. பத்து நிமிஷம் ஓடினா காப்பர் சூடாகி மின்தடை ஏறும், காலையில் அளந்த எண் பொய்யாகிடும். எதைச் சேர்க்கணும், எதை விட்டாலும் பரவாயில்லைன்னு முடிவெடுக்கிறதுதான் மாடலிங். அந்த முடிவை எடுக்க வேண்டிய சந்தர்ப்பமே நாலு வருஷத்தில் நமக்கு வர்றதில்லை.

ரெக்கார்டில் இரண்டு கோடு வேணும்: ஒண்ணு சிமுலேஷன், ஒண்ணு அளந்தது. ஒத்துப்போனதுக்கு 5 மார்க் கொடுங்க, ஏன் ஒத்துப்போகலைன்னு விளக்கினதுக்கு 15 கொடுங்க. ஒவ்வொரு மோட்டாரும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதால காப்பியடிக்கவும் வழியில்லை, இது இலவச இணைப்பு.

சார், மேடம் தரப்பில் சொல்ற காரணங்கள் எனக்குத் தெரியும். மூணு மணி நேர லேப், 60 பேர், முடிக்க வேண்டிய பத்து எக்ஸ்பெரிமென்ட். இதில் நியாயம் இருக்கு. அதனாலதான் பத்தை ஆறாகக் குறைக்கச் சொல்றேன். லூப்பை மூடி ஸ்டெப் கொடுத்து கிராஃப் வரையிற எக்ஸ்பெரிமென்ட் மட்டும் எங்க மேனுவலில் நாலு இருக்கு. லைசென்ஸ் பிரச்சினையா? பிரான்ஸில் பிறந்த சைலாப், அதோட வர்ற எக்ஸ்காஸ், அப்புறம் ஓப்பன்மாடலிகா எல்லாம் இலவசம். ஐஐடி பாம்பேயின் ஃபாஸ்ஸீ திட்டம் இவற்றுக்குப் பாடமே தயாரிச்சு வெச்சிருக்கு. "கம்பெனியில் சிமுலிங்க்தானே கேட்கிறாங்க" என்று பிளேஸ்மென்ட் செல்லில் சொல்வாங்க. எந்த பிளாக் எந்த லைப்ரரியில் இருக்குன்னு சேர்ந்த முதல் வாரத்தில் பழகிடும். "உன் மாடல் சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று இன்டர்வியூவில் கேட்டால்தான் நம்ம ஆளுங்க மூச்சு அடைக்குது. ஒரகடத்துக்கும் மறைமலை நகருக்கும் வேலைக்குப் போன சீனியர்கள் திரும்பி வந்து சொல்றதும் இதே கேள்வியைத்தான்.

தன்னாட்சிக் கல்லூரின்னா போர்டு ஆஃப் ஸ்டடீஸில் வெச்சுப் பாடத்திட்டத்தையே மாத்தலாம். அஃபிலியேட்டட் கல்லூரிக்கு அந்த வசதி இல்லை. ஆனா எக்ஸ்பெரிமென்ட் தலைப்பு "டிசி மோட்டார் வேகக் கட்டுப்பாடு" என்றுதானே இருக்கு? எந்த மோட்டார்னு பல்கலைக்கழகம் சொல்லலையே. போன வருஷ சிம்போசியம் ரோபோவிலிருந்து கழட்டின பன்னிரண்டு மோட்டார் எங்க லேப் அலமாரியில் தூங்குது, அதில் எட்டுக்கு என்கோடரும் இருக்கு. சார் சாவி கொடுத்தா போதும்.