புல்லுக்கு இறைக்கும் நீர்

கோல்ப் விளையாட்டை நாம் வெறுப்பவரல்லர். கொழும்பிலும் நுவரெலியாவிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு மைதானங்கள் அமைந்தன. அவை மழை வளமுள்ள பகுதிகள். ஆனால், 2016இல் 18 குழிகள் கொண்ட மைதானமொன்று உலர்வலயமாகிய அம்பாந்தோட்டையில் திறக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய பெரும்போகமோ வரட்சியாற் பொய்த்தது. அம்மைதானத்தின்மீது குற்றஞ்சாட்ட நாம் வரவில்லை. விதியைப் பற்றியே பேசுகின்றோம். உலர்வலயத்திற் புல்வெளி வளர்ப்பவர் எவராயினும், நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்னும் இரு வினாக்களுக்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டவராவர்.

இரண்டாவது வினாவை முதலில் எடுப்போம். பந்து உருளும் 'கிறீன்' என்னும் புற்றரை வெறும் மண்ணன்று. 1960இல் அமெரிக்கக் கோல்ப் சங்கம் வெளியிட்ட முறைப்படி, அடியில் வடிகுழாய், அதன்மேற் சரளைக்கல், அதற்கும் மேலே ஓரடி மணற்கலவை என அடுக்கப்படுவது. நீர் தேங்காதிருத்தலே நோக்கம். வடியும் நீரோ சும்மா போவதில்லை. புல்லுக்கிட்ட உரத்திலும் நஞ்சிலும் ஒரு பங்கைக் கொண்டே போகிறது. அக்குழாய்கள் மைதானத்துக் குட்டையொன்றில் முடிந்தால் அந்நீரையே மீண்டும் இறைக்கலாம். ஊர் வாய்க்காலில் முடிந்தால் அயற்கிணறுகள் அதனை ஏற்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பூமியிற் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிய கதையை எமது கமக்காரருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே குற்றவாளி கோல்ப் அன்று. நமது உரச்சாக்கும் மலகூடக் குழியுமே!

இனி முதலாவது வினா. அரிசோனாவில் 1980இல் நிலத்தடிநீர்ச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் வகுக்கப்பட்ட பகுதிகளில், 10 ஏக்கரும் அதற்கு மேலுமான புல்வெளிகளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு நீரென்று அளவு விதிக்கப்படுகிறது. பிரான்சிலோ 2022 கோடையில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் குடிநீரின்றித் தவிக்கையில், கிறீன்களுக்கு மட்டும் இரவில் நீர்பாய்ச்ச விலக்களிக்கப்பட்டது. துலூஸ் நகரருகே சிலர் இரவோடிரவாகக் குழிகளைச் சீமெந்தால் அடைத்தனர். அச்செயலை நாம் ஆதரியோம். ஆயினும், விலக்கை வரைந்தவர்கள், வெறுங்குடத்துடன் நிற்பவரிடம் அதனை விளக்க நேருமென்று எண்ணியதாகத் தெரியவில்லை.

இங்கு 1993ஆம் ஆண்டு வர்த்தமானி, 99 அறைகளையோ 40 ஹெக்டேயரையோ மிஞ்சும் விடுதி, பொழுதுபோக்குத் திட்டங்களுக்குச் சூழல் மதிப்பீட்டை விதித்தது. 18 குழி மைதானம் பெரும்பாலும் அவ்வெல்லையைத் தாண்டும்; 9 குழி மைதானம் நழுவிவிடக்கூடும். பரப்பளவன்று, இறைக்கும் நீரின் அளவே அளவுகோலாதல் வேண்டும். மூதுரை படித்தவர்க்குப் புல், நெல்லின் தயவில் வாழ்வது. இன்றோ புல்லுக்கென்றே குழாய்க்கிணறும் பம்பும்! ஆகவே, அத்தகைய கிணறு ஒவ்வொன்றிலும் நீர்மானி பொருத்தப்படல் வேண்டும். விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் புல்லுக்குப் பாய்ச்சிய பின்னரே நன்னீரைத் தொட அனுமதித்தல் தகும். வரட்சியிற் குடிநீர், கால்நடை, பயிர் என்பவற்றின் பின்னரே புல் என்னும் வரிசை அனுமதிப்பத்திரத்திலேயே எழுதப்படல் வேண்டும். வடிநீர்ப் பரிசோதனை முடிவும் நீர்மானிக் கணக்கும் மாதந்தோறும் பிரதேச செயலக வாயிலில், கமக்காரர் கண்ணிற்படும்படி, தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்படல் வேண்டும்.