எதிராளியின் பழக்கம்

சூதாட்டத்தைப் பற்றி ஓர் உபாத்தியாயர் எழுதலாமா என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். பணம் வைத்துச் சீட்டாடும்படி நான் யாருக்கும் சிபாரிசு செய்யப் போவதில்லை. எத்தனையோ குடும்பங்களைக் குலைத்த வழக்கம் அது. ஆனால் அமெரிக்கர்கள் பிரியமாக ஆடும் 'போக்கர்' என்னும் சீட்டாட்டத்தில், மனித சுபாவத்தைப் பற்றிய ஒரு விஷயம் கூட்டல் கழித்தல் கணக்காகவே அகப்படுகிறது. காசை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

போக்கரில் என் கையிலுள்ள சீட்டு உங்களுக்குத் தெரியாது. உங்களுடையது எனக்குத் தெரியாது. நடுவில் ஏற்கனவே 100 ரூபாய் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலும் 100 ரூபாய் பந்தயம் கட்டுகிறேன். நீங்களும் அதே தொகையைக் கட்டி என் சீட்டைக் காட்டச் சொல்லலாம். அல்லது உங்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு விலகலாம். விலகிவிட்டால், என் கையில் என்ன இருந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது. நடுப்பணம் முழுவதும் எனக்கே. ஆகையால் ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு, பிரமாதமான சீட்டு இருப்பதுபோல் மிரட்டுவது இந்த ஆட்டத்தில் ஒரு வித்தை.

மிரட்டல் எப்பொழுது லாபம்? 100 ரூபாயைப் பெறுவதற்காக 100 ரூபாயைப் பணயம் வைக்கிறேன். எனவே எதிராளி பாதித் தடவைக்கு மேல் விலகுகிறவராயிருந்தால் போதும். பயந்த சுபாவமுள்ள ஒருவர் பத்துக்கு ஏழு தடவை சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு தடவையில் எனக்கு 700 ரூபாய் வரவு. மூன்று தடவையில் 300 ரூபாய் நஷ்டம். 400 ரூபாய் மிச்சம்! இவருக்கு நேர்மாறானவரும் உண்டு. "அப்படி என்னதான் வைத்திருக்கிறான், பார்த்துவிடுவோம்" என்று ஒவ்வொரு தடவையும் பணத்தைக் கட்டுகிற ரோஷக்காரர். அவரிடம் மிரட்டுவது மூடத்தனம். நல்ல சீட்டு வரும் வரையில் பொறுத்திருந்து, வந்ததும் பெரிய தொகையாகக் கட்டவேண்டியதுதான். மனுஷர் தவறாமல் கொடுத்துவிடுவார். பாரதத்தில் சகுனி பகடையை மட்டுமா நம்பினான்? அழைத்தால் தருமர் மறுக்க மாட்டார் என்பதல்லவா அவனுடைய முதல் மூலதனம்!

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பயந்தவரிடம் நான் ஓயாமல் மிரட்டுகிறேனே, அதுவும் ஒரு பழக்கந்தானே? அவர் ஒரு நாள் விழித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் சீட்டைக் காட்டச் சொன்னால் என் கதி என்ன? பிறருடைய பழக்கத்தைப் பிடித்து லாபம் பண்ணுகிறவன், தன் பழக்கம் ஒன்றைப் பிறர் கையில் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன் இதற்கு மாற்று ஒன்றைக் கண்டார். ஒருவர் வரவு மற்றவர் செலவாக இருக்கும் இருவர் ஆட்டத்தில், எதிராளி என்ன செய்தாலும் ஓர் அளவுக்குமேல் நமக்குக் கெடுதல் வராத ஆட்டமுறை உண்டு என்று 1928-ல் நிரூபித்தார். 1944-ல் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து எழுதிய பெரிய நூலில் போக்கருக்கும் மிரட்டலுக்கும் இடம் கொடுத்தார். நம்முடைய உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பந்தயத்தில் இரண்டு நல்ல சீட்டும் ஒன்று மிரட்டலுமாக, எது எப்பொழுது என்று தெரியாதபடி நான் கலந்து கட்டுகிறேன். எதிராளி மூன்று தடவையும் பார்த்தால் ஒரு தடவை 200 ரூபாய் ஜயிக்கிறார்; இரண்டு தடவை 100 வீதம் தோற்கிறார். மிச்சம் பூஜ்யம். விலகினாலும் பூஜ்யந்தான். என்னை அசைக்க அவரால் முடியாது. ஆனால் பயந்தவரிடம் கறக்கக்கூடிய முழு லாபத்தையும் நானும் கறக்க முடியாது. சாமர்த்தியசாலிகளுக்கு இது சப்பென்றுதான் இருக்கும்.

அந்தச் சாமர்த்தியத்துக்குப் பரீட்சை 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் நடந்தது. கார்னெகி மெலன் சர்வகலாசாலையின் சாண்ட்ஹோமும் பிரௌனும் அமைத்த 'லிப்ரேட்டஸ்' என்ற கம்ப்யூட்டர் ஆட்டக்காரனை எதிர்த்துக் கைதேர்ந்த நால்வர் 20 நாள் தனித்தனியே ஆடினார்கள். நால்வருள் இருவர், டாங் கிம்மும் ஜேஸன் லெஸ்ஸும், 2015-ல் இதற்கு முந்திய யந்திரத்தை ஜயித்த கோஷ்டியைச் சேர்ந்தவர்கள். அதிர்ஷ்டத்தின்மேல் பழி போட இடமில்லாதபடி, ஒருவருக்கு வந்த சீட்டே வேறு அறையில் யந்திரத்துக்கு வரும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

இரவில் நால்வரும் கூடி, யந்திரத்தின் பழக்கம் எது, ஓட்டை எங்கே என்று ஆராய்வார்கள். ஓட்டை அகப்படவும் செய்தது. ஆனால் மறுநாள் போய்ப் பார்த்தால் அது அடைபட்டிருக்கும்! யந்திரம் அவர்களுடைய குற்றங்களைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. எந்தெந்த அளவுப் பந்தயங்களால் அவர்கள் தன்னை அடிக்கடி குடைகிறார்கள் என்று பகலில் பார்த்துவைத்து, அந்த இடங்களில் தன் ஆட்டத்தை இரவோடிரவாகச் செப்பனிட்டுக்கொண்டது.

1,20,000 ஆட்டங்கள் முடிந்தபோது நால்வரும் தோற்றிருந்தார்கள். மொத்தம் 17,66,250 டாலர். நல்ல வேளையாக அவையெல்லாம் ஏட்டு டாலர்கள். பங்கிட்டுக்கொள்ள 2,00,000 டாலர் பரிசு தனியாக இருந்தது. 85,649 டாலர் மட்டும் தோற்ற டாங் கிம், நால்வரில் நன்றாக ஆடியவர் என்று பெயர் வாங்கினார்.