குழந்தையின் பேச்சும் கைப்பேசிச் செயலியும்



ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் நம் நாட்டில் தமிழ்மொழி மாதம் கொண்டாடப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவுடன் பற்பல அமைப்புகள் பேச்சு, கதை சொல்லுதல், சொற்போர் எனப் போட்டிகளை நடத்துகின்றன. அப்பருவத்தில் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு. "பேச்சை யார் எழுதிக் கொடுப்பது?" என்பதே அது. முன்னாளில் அதற்கு விடை எளிது. தமிழாசிரியர் எழுதிக் கொடுப்பார். இல்லையேல் துணைப்பாட ஆசிரியர். அவரும் இல்லையேல் நாலெழுத்துப் படித்த சித்தப்பா. இந்நாளில் அவர்கள் இடத்தில் கைப்பேசிச் செயலி ஒன்று வந்து அமர்ந்திருக்கிறது.

பேச்சு எழுதுவதற்கென்றே செயலிகள் பல உள. சில செயலிகள் தலைப்பு, தொடக்கம், நடு, முடிவு என்று கட்டம் போட்டுத் தருகின்றன. சில, எழுதிய பேச்சு எத்தனை நிமிடம் நீளும் என்று கணக்கிடுகின்றன. சில, எழுத்துகளைத் திரையில் மெல்ல மேலே நகர்த்திப் படிக்கச் செய்கின்றன. குரலைப் பதிவுசெய்து திருப்பிக் கேட்கவும் விடுகின்றன. அண்மையில் வந்தவையோ தலைப்பைச் சொன்ன மாத்திரத்தில் முழுப் பேச்சையுமே எழுதித் தந்துவிடுகின்றன. இவற்றை வீட்டுக் கணினியில் இயக்க முடியுமா என்று பெற்றோர் பலர் ஆசிரியர்களிடம் கேட்கின்றனர். முடியும்; அவ்வாறு இயக்குவதே நன்று என்பது என் கருத்து. ஆனால், குழந்தையின் வாக்கியங்களை எழுதும் வேலையை மட்டும் செயலியிடம் ஒப்படைத்தல் ஆகாது என்பதையும் உடனே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இயக்கும் வகையைப் பார்ப்போம். கைப்பேசிக்கென ஆக்கப்பட்ட செயலி கணினியின் மொழியை அறியாது. ஆதலால் கணினிக்குள் ஒரு கைப்பேசி இருப்பதுபோல் பாசாங்கு செய்யும் மென்பொருள் வேண்டும். எமுலேட்டர் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். புளூஸ்டாக்ஸ் என்பது அவ்வகையில் பலரும் அறிந்தது. கணினிக்கு நான்கு கிகாபைட் நினைவகமாவது இருத்தல் வேண்டும்; எட்டு இருந்தால் இடறாது ஓடும். ஆப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட எம்1 சில்லு முதலாக வந்த மேக் கணினிகளில், ஆக்கியோர் இசைவளித்த ஐபோன் செயலிகள் பாசாங்கு மென்பொருள் ஏதுமின்றியே இயங்கும். விண்டோஸ் 11இல் ஆண்ட்ராய்டுச் செயலிகளை இயக்க மைக்ரோசாஃப்ட் தந்திருந்த வசதி 2025 மார்ச் 5ஆம் நாளுடன் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய குறிப்பைப் படித்துவிட்டு அதைத் தேடி அலையவேண்டா. உயர்நிலைப் பள்ளியில் பயிலும் அண்ணன் அக்காளின் கற்றல் கருவியில் பள்ளியின் மேலாண்மை மென்பொருள் இருக்கும். அதில் கைவைத்தல் கூடாது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்லவேண்டும். இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் முன்பின் அறியாத தளத்திலிருந்து எதையும் இறக்காதீர்கள். அவ்வாறு இறக்கிய செயலிகளின் வழியே புகுந்த தீய மென்பொருளால் 2023ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 1,800க்கும் மேற்பட்ட மோசடிகள் நிகழ்ந்தன. உழைத்துச் சேர்த்த பணத்தை ஓர் இரவில் இழந்தோர் பலர்.

கைப்பேசியிலேயே ஓடும் ஒன்றைக் கணினிக்குக் கொண்டுவர இத்தனைப் பாடு எதற்கு? கைப்பேசித் திரை ஒருவர் கண்ணுக்கு மட்டுமே உரியது. பிள்ளை அதை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிட்டால், அங்கே என்ன எழுதப்படுகிறது என்பதை எவரும் அறியார். கூடத்து மேசையில் இருக்கும் கணினித் திரையையோ தாய் பார்ப்பாள், தந்தை பார்ப்பார், சோற்றுத் தட்டுடன் கடந்து போகும் தாத்தாவும் நின்று பார்ப்பார். "இதென்னப்பா, இப்படியா சொல்வார்கள்?" என்று அவர் ஒரு சொல்லைத் திருத்துவார். அந்தத் திருத்தத்திற்காகத்தான் பெரிய திரை வேண்டும் என்கிறேன்.

தமிழ் கணினித் திரைக்கு வந்ததில் இவ்வட்டாரத்தாரின் பங்கு பெரிது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகவும் சிறுகதை ஆசிரியராகவும் விளங்கிய நம் நா. கோவிந்தசாமி, தமிழை இணையத்தில் ஏற்ற அரும்பாடுபட்டார். 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையப்பக்கத்தில் தமிழும் இடம்பெற்றது. 1997இல் தமிழ்க் கணிமை அறிஞர்கள் இங்கே கூடினர். 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் செல்லினம் இங்கே வெளியீடு கண்டது. அவர்கள் எல்லாரும் பாடுபட்டது தமிழர் தாம் எண்ணியதைத் தாமே எழுதுவதற்காக.

இனிச் செயலிகளின் குறைகளுக்கு வருவோம். பெரும்பாலானவை ஆங்கிலப் பேச்சை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. நிமிடத்திற்கு 130 முதல் 150 சொற்கள் என்று அவை கணக்கிடுகின்றன. தமிழுக்கு இக்கணக்கு பொருந்தாது. "வந்துகொண்டிருந்தவர்களுக்கும்" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதே பொருளைச் சொல்ல ஆறு சொற்கள் தேவை. செயலி இரண்டையும் சொல் என்றே எண்ணும்! மூன்று நிமிடப் பேச்சுக்கு நானூறு சொற்கள் என்று செயலி சொல்ல, அதை நம்பி நானூறு தமிழ்ச் சொற்களைப் பிள்ளை மனப்பாடம் செய்தால் என்னாகும்? பாதிப் பேச்சில் மணி அடித்துவிடும். பிள்ளை கண்ணீருடன் மேடையை விட்டு இறங்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உரக்க ஒருமுறை படித்துப் பார்ப்பதே இன்றைக்கும் பிழையாத கணக்கு.

அடுத்தது குரல்வழித் தட்டச்சு. 2017 ஆகஸ்டில் கூகள் தமிழையும் இதில் சேர்த்தது. இது நல்ல வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது ஒரு தமிழ். "நாங்க போயிருந்தோம்" என்று பிள்ளை பேசினால் செயலி தட்டுத் தடுமாறி எதையோ எழுதும். "நாங்கள் சென்றிருந்தோம்" என்று பேசினால் நன்றாக எழுதும். ஆனால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை அப்படிப் பேசுகிறது? 2005ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பேச்சுத் தமிழுக்கும் வகுப்பறையில் இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. மேடைக்கு வந்தவுடன் அந்தத் தமிழை ஏதோ தீட்டுப்போல் விலக்கிவிடுகிறோம். செயலி எழுதித் தரும் பேச்சு இவ்விலக்கலை இன்னும் கடுமையாக்குகிறது.

எப்படி என்று சொல்கிறேன். "மரங்களைக் காப்போம்" என்று தலைப்பைக் கொடுத்தால் செயலி சளைக்காமல் எழுதும். ஆலமரம் வரும், அரசமரம் வரும், கிராமத்துக் குளக்கரை வரும், மழையைக் கொடுப்பது மரமே என்ற வரி வரும். இலக்கணப் பிழை அதிகம் இராது. ஆனால் பேசும் பிள்ளை வாழ்வது ஈசூனிலோ புக்கிட் பாஞ்சாங்கிலோ ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில். அதன் சன்னலுக்கு வெளியே குடைபோல் கிளை விரித்து நிற்பது வேறொரு மரம். சிங்கப்பூர்ச் சாலைகள் பலவற்றுக்கு நிழல் தரும் அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் மழைமரம் என்று பெயர். தமிழில் அதற்கு என்ன பெயர் தெரியுமா, மாணவர்களே? தூங்குமூஞ்சி மரம்! மாலையானால் இலைகளை மடக்கிக்கொண்டு தூங்கிவிடுவதால் அந்தப் பெயர். மழைக்கு இருட்டிக்கொண்டு வரும்போதும் அவ்வாறே மடக்கிக்கொள்ளும். இந்தப் பெயரைச் சொன்னாலே அரங்கம் சிரிக்கும். சிரித்த அரங்கம் காது கொடுக்கும்.

அப்பெயர் யாருக்குத் தெரியும்? பேட்டையில் அம்மரத்தின் சருகுகளை விடியற்காலையில் கூட்டும் தோழருக்குத் தெரியும். கிளை கழிப்பவருக்குத் தெரியும். அவரும் ஒரு பிள்ளைக்குத் தந்தைதான். ஆனால் "நான் படிக்காதவன், என் தமிழ் மேடைக்கு ஆகாது" என்று எண்ணி அவர் ஒதுங்கி நிற்கிறார். முன்னே துணைப்பாட ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைத்தார், இன்று செயலியிடம் ஒப்படைக்கிறார். எழுதிக் கொடுக்கும் வழக்கம் செயலியால் வந்ததன்று. அந்தப் பழியை மென்பொருளின் தலையில் மட்டும் போடுவது நேர்மையாகாது. ஆயினும் ஆசிரியர் எழுதிக் கொடுத்த காலத்தில், "உன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வா" என்று ஒரு வார்த்தையாவது சொன்னார். செயலி அதைச் சொல்வதில்லை.

இதில் என்ன போயிற்று என்று கேட்பீராயின், மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோர் 2010இல் நூற்றுக்கு 36.7 பேர். 2020இல் அது 27.3ஆகக் குறைந்தது. ஆங்கிலம் பேசுவோரோ 41.6இலிருந்து 59.2ஆக உயர்ந்தனர். வீட்டில் தமிழ் பேசப்படும் நேரம் சுருங்கிக்கொண்டு வருகிறது. அப்படியிருக்க, பேச்சுப் போட்டிக்கு ஆயத்தம் செய்யும் இரண்டு வாரங்கள், தந்தையும் பிள்ளையும் தமிழில் உரையாடக் கிடைத்த அரிய வாய்ப்பு. "அப்பா, இந்த மரத்துக்குப் பேர் என்ன?" என்று பிள்ளை கேட்கவேண்டிய நேரம் அது. அந்த நேரத்தைச் செயலி அரை நிமிடத்தில் விழுங்கிவிடுகிறது. பரிசுக் கோப்பையைவிட எனக்கு அந்த இரண்டு வாரங்கள் பெரியவை.

"பிறர் எழுதியதைப் பேசுவது குற்றமா? நாள்தோறும் பள்ளியில் சொல்லும் தேசியப் பற்றுறுதியும் வேறொருவர் எழுதியதுதானே?" என்று சுட்டியான மாணவர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. 1966ஆம் ஆண்டில் அதை வரைந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த நம் அமைச்சர் சி. ராஜரத்தினம். பிரதமர் லீ குவான் இயூ அதைத் திருத்திச் செப்பம் செய்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 24 முதல் பள்ளிப் பிள்ளைகள் அதைச் சொல்லி வருகின்றனர். இலட்சம் பேர் ஒன்றாகச் சொல்லவேண்டியதை ஒருவர் எழுதத்தான் வேண்டும். போட்டிப் பேச்சு அவ்வாறன்று. அங்கே நடுவர்கள் ஒரு பிள்ளையின் குரலைக் கேட்க வந்திருக்கிறார்கள். பத்துப் பிள்ளைகள் ஒரே செயலியின் ஆலமரத்தை நட்டால் அவர்கள் யாருக்குத்தான் மதிப்பெண் போடுவார்கள்?

செயலிகள் நாளுக்கு நாள் தேறிவரும் என்பதில் ஐயமில்லை. 2023 டிசம்பரில் ஏஐ சிங்கப்பூர் அமைப்பு வெளியிட்ட சீ-லயன் என்னும் மொழி மாதிரி தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் கற்கிறது. நாளை அது தூங்குமூஞ்சி மரத்தையும் எழுதக்கூடும். எழுதட்டும், வரவேற்போம். அப்போதும் அதைப் பிள்ளைக்குச் சொல்லவேண்டியவர் தந்தையே என்பதில் என் கருத்து மாறாது.

ஆகவே பெற்றோர்களே, வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். முதல் நாள் கணினியைத் திறக்கவேண்டா. தலைப்பைப் பற்றிப் பிள்ளை வாய்க்கு வந்ததைப் பேசட்டும். வீட்டுத் தமிழிலேயே பேசட்டும். தெரியாததை வீட்டாரைக் கேட்கட்டும். மறுநாள் அவற்றைக் கணினியில் செயலியின் கட்டங்களில் பிள்ளையே தட்டச்சு செய்யட்டும். எது முன், எது பின் என்று அடுக்கச் செயலி நன்றாக உதவும். மூன்றாம் நாள் உரக்கப் படித்துப் பதிவுசெய்து, எல்லாரும் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளை மூச்சுத் திணறும் இடத்தில் வாக்கியம் நீளமாக இருக்கிறது என்று பொருள். அதை இரண்டாக வெட்டுங்கள். ழகரமும் ளகரமும் குழம்பும் இடத்தைப் பிள்ளையே தன் காதால் கேட்டுக் கண்டுகொள்ளும். நாம் பத்து முறை சொல்வதைவிட அந்த ஒரு முறை பயன் தரும். திரையில் எழுத்து நகரும் வசதியைக் கடைசி இரண்டு நாள்களில் நிறுத்திவிடுங்கள். அதைப் பார்த்தே பழகிய கண், மேடையில் எதிரே இருப்பவரைப் பார்க்காது.

கணினி இல்லாத வீடுகளும் உள. தங்குவிடுதிகளில் வாழும் தோழர்களுக்குக் கைப்பேசி ஒன்றே உடைமை. அவர்களுக்கு எந்தச் செயலியும் வேண்டா. கைப்பேசியோடு வரும் குரல்பதிவு வசதியே போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் புல்தரையில் அமர்ந்து ஊரிலுள்ள பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசும் தந்தையர் எத்தனை பேர்! அடுத்த ஞாயிறு அழைக்கும்போது, "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதோடு நிறுத்தாமல், பள்ளி விழாவில் பேசப்போவதை ஒருமுறை பேசிக் காட்டச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் பிள்ளை உங்கள் பின்னால் நிற்கும் மரத்தின் பெயரைக் கேட்டாலும் கேட்கும்.